ஒரு தக்காளியும் பல அலுவலகங்களும்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில், வாழையிலை விரித்து நண்பகல் சோறு பரிமாறும் உணவகங்களுக்குப் பஞ்சமில்லை. அங்கு ஊற்றப்படும் ரசத்திலுள்ள தக்காளி கேமரன் மலையில் விளைந்ததாக இருக்கலாம். அது லாரி ஏறி, சிலாயாங்கிலுள்ள கோலாலம்பூர் மொத்த விற்பனைச் சந்தையை அடைந்து, விடிவதற்குள் கைமாறி, உணவகத்தின் அடுப்பங்கரைக்கு வந்து சேர்கிறது. இலையில் மிஞ்சியது பிற்பகலில் குப்பைத் தொட்டிக்குப் போகிறது.

இந்தச் சிறு பயணத்தில்தான் எத்தனை அலுவலகங்கள்! காய்கறியைத் தரம் பிரிக்கும் விதிகளை ஃபாமா கவனிக்கிறது. மொத்தச் சந்தையையும் உணவக உரிமத்தையும் கோலாலம்பூர் மாநகராட்சி மன்றம் நிருவகிக்கிறது. விலையைக் கண்காணிப்பது உள்நாட்டு வாணிப அமைச்சு. சமையல்காரர் டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பது சுகாதார அமைச்சின் விதி. குப்பைக்கு வேறோர் அமைப்பு. எல்லாப் பணிகளும் தேவையானவையே. ஆயினும், 'இந்நகர மக்கள் அனைவருக்கும் சத்தான உணவு கட்டுபடியான விலையில் கிடைக்கிறதா?' என்ற கேள்வி இவற்றுள் எந்த அலுவலகத்தின் மேசைக்கும் முழுமையாக வருவதில்லை. அக்கேள்வியை ஒரே மேசையில் வைத்து, விளைச்சல், சந்தை, விலை, உடல்நலம், கழிவு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து முடிவெடுப்பதே ஒருங்கிணைந்த நகர உணவுக் கொள்கை எனப்படும்.

அத்தகைய மேசை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020ஆம் ஆண்டு காட்டியது. மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. உணவகங்களில் அமர்ந்து உண்ண முடியவில்லை. விற்க வழியின்றிக் கேமரன் மலை விவசாயிகள் தாங்கள் விளைவித்த காய்கறிகளைக் கொட்டி அழித்தனர். அதே வாரங்களில், நகரத்தில் நாட்கூலியை இழந்த குடும்பங்கள் உணவுப் பொருள் உதவிக்குக் காத்திருந்தன. ஏப்ரல் மாதம், நோய்த்தொற்றால் சிலாயாங் சந்தையைச் சுற்றியுள்ள பகுதியும் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஒரு பெருநகரம் ஒரே வாசலைப் பெரிதும் நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பது அப்போது புரிந்தது.

பெருந்தொற்று இல்லாத காலத்திலும் சிக்கல் இருந்தது. கோலாலம்பூரின் குறைந்த விலை அடுக்குமாடி வீடுகளில் வாழும் பிள்ளைகளைப் பற்றி யுனிசெப் 2018ஆம் ஆண்டு ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அதன்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்தனர். 15 விழுக்காட்டினர் எடை குறைந்திருந்தனர். அதே குடியிருப்புகளில் உடல் பருமன் மிகுந்த பிள்ளைகளும் இருந்தனர். இது முரண்பாடாகத் தோன்றலாம். ஆனால், குறைந்த பணத்தில் வயிற்றை நிரப்புபவை மாவும் சீனியும் எண்ணெயும்தான். மீனும் கீரையும் பழமும் அப்படியல்ல. கண்ணுக்கெட்டிய தூரத்தில் வானளாவிய கட்டடங்கள் நிற்கும் தலைநகரத்தின் நிலை இது.

இவ்வாறான நிலையைப் பிரேசில் நாட்டின் பெலோ ஒரிசோன்ட்டே நகரம் 1993ஆம் ஆண்டிலேயே எதிர்கொண்டது. உணவுக்கெனத் தனித்துறை ஒன்றை அந்நகராட்சி அமைத்தது. மக்கள் உணவகங்களில் மலிவு விலையில் சமைத்த உணவு வழங்கப்பட்டது. அதைவிடக் கூர்மையான முறை ஒன்றும் அங்கு உண்டு. நகரின் நல்ல இடங்களில் கடை நடத்த வணிகர்களுக்கு நகராட்சி உரிமம் கொடுத்தது. பதிலுக்கு, குறிப்பிட்ட காய்கனிகளை நகராட்சி வகுத்த குறைந்த விலையில் அவர்கள் விற்க வேண்டும். வெறும் அனுமதித் தாளாக இருந்த உரிமம் இவ்வாறு ஏழைகளின் சமையலறை வரை சென்றது. பின்னர், 2015ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் இத்தாலியின் மிலான் நகரில் நகர உணவுக் கொள்கை உடன்படிக்கையில் கையெழுத்திட்டன.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இதைச் செய்வதற்கு எல்லைக்கோடுகள் தடையாக நிற்கின்றன. 1974ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானது. அதைச் சுற்றிப் பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, ஷா ஆலாம் எனப் பல ஊராட்சி மன்றங்கள் உள்ளன. கிள்ளான் நகரம் 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் அரச மாநகரமானது. நாட்டின் மிகப்பெரிய துறைமுகமும் கிள்ளானில்தான் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது, கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள சமையலறைகளுக்கு ஒரே கவலைதான். சட்டங்களோ ஒன்றல்ல. வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடும் கட்டாய விதி 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூரில் வந்தது. சிலாங்கூர் அச்சட்டத்தின் கீழ் வராததால், எல்லையைத் தாண்டிய அடுத்த தெருவுக்கு அது பொருந்தவில்லை.

நல்ல தொடக்கங்கள் இல்லாமல் இல்லை. உணவுக் கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் 2020, மிஞ்சிய நல்ல உணவை நல்லெண்ணத்தோடு கொடுப்பவர்களுக்கு வழக்கு அச்சத்தைக் குறைத்தது. பங்சாரில் மின்கம்பிகள் செல்லும் ஒதுக்கு நிலத்தில் மக்கள் தோட்டம் ஒன்று உருவானது. ஆனால், தோட்டங்களால் மட்டும் இத்தனை இலட்சம் பேருக்கு உணவளிக்க முடியாது. நிழற்படத்திற்கு அழகாக அமைவதாலோ என்னவோ, அவை பெறும் கவனத்தைச் சந்தையும் உரிமமும் பெறுவதில்லை.

கொள்கை வகுப்பவர்களுக்கு முதலில் வேண்டியது ஒரு வரைபடம். குறைந்த விலை அடுக்குமாடிகள் எங்கே உள்ளன, அவற்றிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் காய்கறியும் மீனும் விற்கும் கடை உண்டா, இரவுச் சந்தை வாரத்தில் எத்தனை நாள் கூடுகிறது, மொத்தச் சந்தையில் விற்காமல் போன காய்கறி எங்கே போகிறது என்பனவற்றை அதில் குறிக்கலாம். இந்த விவரங்களில் பல ஏற்கெனவே மன்றங்களின் உரிமப் பதிவேடுகளில் இருப்பவைதாம். பெரியதொரு மேசையில் கோலாலம்பூர்ப் பதிவேட்டின் பக்கத்தில் கிள்ளானின் பதிவேட்டையும் விரித்து வைக்க வேண்டும்.