பிரஷரை உண்டாக்குவது யார்?

ஹைட்ராலிக்ஸ் லேப் வைவாவில் எக்ஸ்டர்னல் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பம்பு என்னப்பா செய்யும்?" நம்மில் பெரும்பாலோர் யோசிக்காமல் "பிரஷரை உண்டாக்கும் சார்" என்று சொல்லிவிடுவோம். அவரும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். ஆனால் அந்தப் பதில் தவறு. ஹைட்ராலிக் பம்பு எண்ணெயைத் தள்ளும், அவ்வளவுதான். பிரஷரை உண்டாக்குவது எதிரே நிற்கும் தடை, அதாவது லோடு. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் கணக்கு சுலபம். அதைவிட முக்கியம், நாளைக்கு மெயின்டெனன்ஸ் வேலைக்குப் போகும்போது நம் கையும் தலையும் பத்திரமாக இருக்கும்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சைக்கிள் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். ட்யூபில் மாட்டாமல் சும்மா அடித்துப் பாருங்கள். கைப்பிடி லேசாகப் போய்வரும். அதே பம்பை பாதி காற்று ஏறிய ட்யூபில் மாட்டினால் கை கனக்கிறது. பம்பும் அதேதான், அடிக்கிற ஆளும் அதே ஆள்தான். எதிரே தடை வந்ததால் பிரஷர் வந்தது. லாரி டிரைவர் வைத்திருக்கும் பாட்டில் ஜாக்கும் இதேதான். ஆக்சிலைத் தொடும்வரை லீவர் லொடலொடவென்று ஆடும். தொட்ட பிறகுதான் கனக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நம் லேபில் இருக்கும் சென்ட்ரிஃபியூகல் பம்பை டெலிவரி வால்வை மூடிவைத்துத்தான் ஸ்டார்ட் செய்கிறோம். தண்ணீர் வெளியே போக வழியில்லாவிட்டாலும் இம்பெல்லர் உள்ளேயே கலக்கிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் ஆகாது. கியர் பம்பு அப்படியில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் பற்களின் இடைவெளியில் இவ்வளவு எண்ணெய் என்று அள்ளி அந்தப் பக்கம் போட்டே தீரும். வழியை அடைத்தால் பிரஷர் ஏறிக்கொண்டே போய், மோட்டார் திணறி நிற்கும்; இல்லாவிட்டால் ஹோஸோ பம்பு பாடியோ உடையும். அதனால்தான் பம்பை விட்டு வெளியே வந்ததுமே ஒரு ரிலீஃப் வால்வு.

பாஸ்கல் விதியை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தின் மேல் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும். பாஸ்கல் இறந்தது 1662-ல். இதை விளக்கும் அவருடைய நூல் மறு வருஷம்தான் அச்சில் வந்தது. ஒரு வாய் இன்னொன்றைப் போல நூறு மடங்கு பெரிதாக இருந்தால், சின்ன பிஸ்டனைத் தள்ளும் ஒரு ஆள் பெரிய பிஸ்டனைத் தள்ளும் நூறு ஆளுக்குச் சமம் என்று அதிலேயே எழுதிவிட்டார். ஆனால் அதை உருப்படியான பிரஸ்ஸாக்கி ஜோசப் பிராமா இங்கிலாந்தில் பேட்டன்ட் வாங்கியது 1795-ல். நடுவில் நூற்று முப்பது வருஷம்! பிஸ்டன் ஓரத்தில் கசியாமல் தடுப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. பிரஷர் ஏற ஏறத் தானே விரிந்து இறுகப் பிடிக்கும் தோல் சீல் வந்த பிறகே பிரஸ் வேலைக்கு உதவியது. அது பிராமாவிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேயின் யோசனை என்பார்கள். தியரி எழுதியவர் பெயர் விதியில் இருக்கிறது, சீல் போட்டவர் பெயர் சிலபஸில் இல்லை!

இப்போது ஒரு கணக்கு. சிலிண்டர் போர் 100 மி.மீ.; பரப்பு சுமார் 78.5 சதுர செ.மீ. பம்பு நிமிஷத்துக்கு 20 லிட்டர் தள்ளுகிறது. ரிலீஃப் வால்வு 160 பாரில் செட் செய்யப்பட்டிருக்கிறது. லோடு இல்லாமல் ஏற்றினால் பிஸ்டன் விநாடிக்கு சுமார் 4.2 செ.மீ. வேகத்தில் ஏறும், கேஜில் பைப் உராய்வுக்கான சின்ன அளவுதான் காட்டும். 8 டன் வைத்தால் கேஜ் 100 பார் காட்டும். வேகம் ஏறக்குறைய அதே 4.2 தான்! வேகத்தைத் தீர்மானிப்பது ஃப்ளோ, பிரஷரைத் தீர்மானிப்பது லோடு.

சரி, 16 டன் வைத்தால்? தூக்க 200 பார் வேண்டும். ஆனால் 160-லேயே ரிலீஃப் வால்வு திறந்து எண்ணெயெல்லாம் டேங்குக்குத் திரும்பிவிடும். லோடு அசையாது. பாரை லிட்டரால் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட். ஆக 5.3 கிலோவாட் அத்தனையும் எண்ணெயில் சூடாகிறது. ஹாஸ்டலில் வார்டனுக்குத் தெரியாமல் போடும் 1.5 கிலோவாட் வெந்நீர் ராடு மூன்றரையை டேங்கில் போட்ட மாதிரி. "மெஷின் தூக்கலை, எண்ணெய் கொதிக்குது" என்று ஆபரேட்டர் சொன்னால் பம்பைக் கழற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

இனிதான் விஷயமே. அந்த 8 டன்னைப் பாதி உயரத்தில் நிறுத்தி, லீவரை நடுவில் விட்டு, மோட்டாரை ஆஃப் செய்கிறோம். பம்பு லைனில் உள்ள கேஜ் பூஜ்யம் காட்டுகிறது. "பிரஷர் இல்லை, கழற்றலாம்" என்று ஸ்பேனரை எடுக்கிறான் புதுப் பையன். பிரஷரை உண்டாக்கியது பம்பு என்று படித்தவன் அப்படித்தான் நினைப்பான். ஆனால் லோடு இன்னும் மேலேதானே இருக்கிறது? சிலிண்டருக்கும் வால்வுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட எண்ணெயில் அதே 100 பார் இருக்கும். கேஜ் வால்வுக்கு அந்தப் பக்கம் இருப்பதால் அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். அங்கே நட்டைத் தளர்த்தினால் எண்ணெய் பீச்சியடிக்கும், 8 டன்னும் இறங்கும்.

டிப்பர் லாரியில் பாடியைத் தூக்கிவைத்துவிட்டு, முட்டுக் கொடுக்காமல் சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவில் குனிந்து வேலை பார்த்தவர்கள் இப்படித்தான் நசுங்கிச் செத்திருக்கிறார்கள். ஒரு ஹோஸ் போனாலும் போதும், யாராவது தெரியாமல் லீவரைத் தட்டினாலும் போதும். அக்யுமுலேட்டர் உள்ள மெஷினில் லோடு கீழே இருந்தாலும் நம்ப முடியாது. உள்ளே நைட்ரஜன் எண்ணெயை அழுத்திக்கொண்டே இருக்கும். ஆகவே முதலில் லோடைத் தரைக்கு இறக்க வேண்டும், முடியாவிட்டால் இரும்பு முட்டு கொடுக்க வேண்டும். மோட்டாரை நிறுத்தி, லீவரை இரண்டு பக்கமும் ஆட்டி, அக்யுமுலேட்டரை டேங்குக்குத் திறந்துவிட்ட பிறகுதான் நட்டில் கை வைப்பது. அப்போதும் கால் சுற்று தளர்த்தி, முகத்தை விலக்கிக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

ஹோஸில் ஊசித் துளை கசிவு இருந்தால் அதைக் கையால் தடவித் தேடவே தேடாதீர்கள். சுமார் 7 பார் இருந்தாலே எண்ணெய் தோலைத் துளைக்கும் என்கின்றன பாதுகாப்புக் கையேடுகள். நம் லைனில் ஓடுவதோ 100, 200. ஒரு அட்டைத் துண்டை நீட்டித் தேடுங்கள். எண்ணெய் விரலுக்குள் போய்விட்டால் ஆரம்பத்தில் முள் குத்திய மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் அதிகம் இருக்காது. "ஒண்ணுமில்லடா" என்று துணியைச் சுற்றிக்கொண்டு ஷிஃப்ட் முடிப்பவர்களுக்குத்தான் பிறகு விரலை எடுக்க வேண்டிவருகிறது. அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், "ஹைட்ராலிக் எண்ணெய் பிரஷரில் உள்ளே ஏறிவிட்டது" என்று டாக்டரிடம் அதே வார்த்தையில் சொல்லுங்கள். வெளியே தெரியும் புள்ளியை மட்டும் பார்த்தால் அவர் டி.டி. ஊசி போட்டு அனுப்பிவிடக்கூடும். தேவைப்படுவது சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன்.