மலை இறங்கும் சில்லு

மொந்தே பெல்லெக்ரீனோவுக்கு எங்கள் சனம் காலால் ஏறித்தான் பழக்கம். செப்டம்பர் 4 நெருங்கினால் தமிழ்க் குடும்பங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, சந்தா ரொசாலியாவின் குகைவரை நடப்பதை ஊரே அறியும். இப்போது ஞாயிறு காலைகளில் எங்கள் பெடியளும் ஓரிரு பெட்டையளும் பந்தயச் சைக்கிளில் அதே மலையை ஏறுகிறார்கள். பூசை முடிந்து வெளியே வந்தால் அவர்கள் பேச்செல்லாம் கார்பன் சில்லுதான். எத்தனை கிராம், எத்தனை மில்லிமீட்டர், ஏறும்போது எவ்வளவு நேரம் மிச்சம் என்ற பேச்சு. இறங்குவதைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. ஆகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் அப்பாமார் யாழ்ப்பாணத்தில் ராலியும் லுமாலாவும் ஓட்டியவர்கள். இரும்பு றிம், றப்பர் கட்டை. மழை பெய்தால் பிறேக் பிடிக்காது, ஆனாலும் பெரிய ஆபத்தில்லை. அங்கே மலை கிடையாது; பிறேக் தேவைப்பட்டதெல்லாம் குறுக்கே ஓடும் ஆட்டுக்கும் கோழிக்கும்தான். பலெர்மோ அப்படியான ஊரல்ல.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. ஆலயத்திலிருந்து நகரத்துக்கு இறக்கம் ஏறத்தாழ 400 மீட்டர். அந்த உயரத்தில் சேர்ந்திருக்கும் சக்தி சுமார் 314 கிலோ ஜூல். 25 பாகையில் இருக்கும் ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வளவுதான் தேவை. கீழே வந்து நிற்பதற்குள் இது முழுவதும் எங்காவது போயாக வேண்டும். வேகமாக இறங்கினால் பெரும்பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். பயந்து பயந்து, பிறேக்கை விடாமல் மெல்லப் பிடித்தபடி இறங்கினால் அநேகமாக எல்லாமே இரண்டு றிம்மின் ஓரங்களுக்குள் போகும். நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் தாழும் சரிவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் அப்படி வந்தால், 300 வாட் அளவிலான சூடு இடைவிடாமல் ஏறிக்கொண்டிருக்கும். அதாவது மெதுவாக வருகிற பயந்தாங்கொள்ளிக்குத்தான் கூடிய ஆபத்து.

அலுமினிய றிம் இந்தச் சூட்டை உடனே பரப்பிக் காற்றுக்குக் கொடுத்துவிடும். கார்பன் அப்படியல்ல. அது நாரும் பிசினும் சேர்ந்த பொருள். சூட்டைக் கடத்துவதில் மந்தம். கட்டை உரசும் இடத்திலேயே வெப்பம் தேங்கும். ஒரு எல்லையைத் தாண்டினால் பிசின் இளகத் தொடங்கும். ரியூப் போட்டு ஓட்டும் சாதாரண ரயரில் ஆறு ஏழு பார் அழுத்தம் றிம்மின் சுவர்களை உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. சுவர் இளகினால் அது வெளியே புடைக்கும், ரயர் கழன்றுவிடும் அல்லது ரியூப் வெடிக்கும். அதுவும் வளைவில். லேட்டெக்ஸ் ரியூப்பைக் கார்பன் றிம்மில் போட்டு உரசுபிறேக்கோடு ஓட்ட வேண்டாம் என்று செய்பவர்களே சொல்வது இதனால்தான். அது சூட்டைத் தாங்காது.

இனிக் கட்டை. அலுமினிய றிம்முக்கான சாதாரணக் கட்டையைக் கார்பனில் போடவே கூடாது. அது சூட்டைக் கூட்டும், மேற்பரப்பையும் தின்னும். கார்பனுக்கென்றே தனிக் கலவைகள் உண்டு. சுவிஸ்ஸ்ரொப் நிறுவனத்தின் மஞ்சள் கட்டையும், பின்னர் வந்த ‘பிளாக் பிரின்ஸ்’ என்ற கறுப்புக் கட்டையும் பலர் பாவிப்பவை. தக்கை கலந்தவையும் இருக்கின்றன; அவை றிம்மை நோகடிப்பதில்லை, ஆனால் விரைவில் தேய்ந்துவிடும். எது நல்லது என்று கேட்டால், சில்லோடு சேர்த்து அதைச் செய்தவர்கள் எதைத் தந்தார்களோ அதுதான். ஒவ்வொரு றிம்மின் பிசினும் வேறு. வேறு கட்டை போட்டதால் கெட்ட றிம்முக்கு உத்தரவாதம் கிடைப்பது கடினம்.

இன்னொன்று. வாரநாளில் அலுமினியச் சில்லு, ஞாயிறில் கார்பன் என்று மாற்றுகிறவர்கள் அதே கட்டையை விட்டுவிடுவார்கள். அலுமினியத் துகள்கள் கட்டையில் பதிந்து அடுத்த ஞாயிறு கார்பனை அரம்போல் அராவும். இரண்டு சோடி வைத்திருங்கள். மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

கடையில் கேட்கும்போது ‘பாத்தினி’ என்று கேளுங்கள், கார்பன் றிம்முக்கு என்றும் சொல்லுங்கள். நம் காதுக்கு அது பத்தினி என்று விழும்; அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் சிரிப்பு வரும். ‘பஸ்தீல்யே’ என்று கேட்டால் டிஸ்க் பிறேக்குக்கானதைத் தருவார்கள். கம்பனோலோவுக்கும் சிமானோவுக்கும் கட்டையின் வடிவம் வேறு, அதையும் சொல்லிவிடுங்கள்.

பிடிக்கும் முறைதான் கட்டையைவிட முக்கியம். வளைவுக்கு முன் நேராக இருக்கும்போதே இரண்டு பிறேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், பிறகு முழுதாக விடுங்கள். விட்ட நேரத்தில் றிம் ஆறும். மழையில் கார்பன் முதல் ஒரு கணம் பிடிக்கவே பிடிக்காது. தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும். ஆகவே முன்கூட்டியே தொடங்க வேண்டும். லீவரில் துடிப்பதுபோல் உணர்ந்தால், எரிந்த வாசனை வந்தால், இறங்கி நில்லுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தாலும் பரவாயில்லை.

றிம்மின் ஆழம் வேறு கதை. அது காற்றின் கதை. 2020 ஒக்டோபர் 3 அன்று ஜீரோ தித்தாலியா எங்கள் ஊரில்தான் தொடங்கியது. மொன்ரியாலேயிலிருந்து பலெர்மோவுக்கு 15.1 கிலோமீட்டர் தனிநபர் நேர ஓட்டம். ஃபிலிப்போ கான்னா 15 நிமிடம் 24 வினாடியில் முடித்தார், மணிக்கு ஏறத்தாழ 59 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஆழமான றிம் காற்றைக் கிழித்துக்கொண்டு போவது பெரிய லாபம். அதைப் பார்த்துவிட்டு 60, 80 மில்லிமீட்டர் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், அவர் ஓடியது மூடிய வீதியில் என்பதையும், அவர் உடம்பின் கனத்தையும் மறந்துவிடுகிறார்கள்.

பக்கக் காற்று ஆழமான றிம்மைப் பாய்மரம்போல் தள்ளும். பின்சில்லைத் தள்ளினால் சைக்கிள் சற்று அசையும், அவ்வளவுதான். முன்சில்லைத் தள்ளினால் ஹாண்டிலே திரும்பும். மொந்தே பெல்லெக்ரீனோ வீதி மலையின் மறைவில் வந்து திடீரென்று திறந்த வளைவில் கடலைப் பார்க்கும். சிரோக்கோ நாளில் அந்த இடத்தில் காற்று கன்னத்தில் அறையும். 55 கிலோ உள்ள ஒருவருக்கு முன்னால் 50 மில்லிமீட்டரே அதிகம். முன்னுக்கு 30 முதல் 35, பின்னுக்கு 45 அல்லது 50 என்பது இந்த ஊருக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். மொன்தெல்லோவுக்குச் சமதரையில் மட்டும் ஓடுகிறவர் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

ஏற்றத்தில் கிடைக்கும் லாபத்தையும் சொல்லிவிடுகிறேன். 300 கிராம் இலேசான சில்லு 80 கிலோவில் 0.4 வீதம்கூட இல்லை. அரை மணி நேர ஏற்றத்தில் ஏழு வினாடி. அதற்காகச் சம்பளத்தைக் கொட்டுவதா என்பதை வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். டிஸ்க் பிறேக் உள்ள சைக்கிளானால் சூட்டுப் பிரச்சினை றிம்முக்கு இல்லை, காற்று மட்டும்தான். பழைய உரசுபிறேக் சைக்கிளானால், உரசும் இடம் அலுமினியமாக இருக்கும் மாவிக் ‘கொஸ்மிக் கார்போன்’ போன்ற பழைய சில்லு கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் முழு அலுமினியம்.

பழைய கார்பன் சில்லை யாராவது மலிவாகத் தந்தால் காசைக் கொடுக்கும் முன் ரயரைக் கழற்றச் சொல்லுங்கள். உரசும் இடத்தைச் சுற்றிலும் விரலால் தடவிப் பாருங்கள். கொப்புளம், பள்ளம், ஓரம் வெளியே வளைந்திருப்பது, ஓரிடத்தில் மட்டும் நிறம் மாறியிருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். எங்காவது சத்தம் செத்துப்போனால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். கழற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அதுவே பதில்.