மாம்பலமும் மரங்களும்

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்றொரு வீதி உண்டு. அங்கே ஏரி இல்லை. 1920-களில் நீண்ட ஏரியை வடித்துத் தியாகராய நகரை நிர்மாணித்த பின்னர்ப் பெயர் மாத்திரம் எஞ்சி நிற்கிறது. ஏரிக்கு நேர்ந்த கதியே இன்று வீட்டு மரங்களுக்கும் நேர்ந்து வருகிறது. 2016 டிசம்பரில் வர்தா புயலுக்குத் தப்பிய வேம்பையும் தென்னையையும் அடுக்குமாடி கட்டுவோர் சாய்க்கின்றனர். அம்மாடிகளுக்குச் சாரம் கட்டப் பல இடங்களில் இன்றும் வந்திறங்குவது சவுக்குக் கழி. அது காட்டில் விளைந்ததன்று. கடலூர், விழுப்புரம் ஜில்லாக்களில் குடியானவன் தன் நிலத்தில் வளர்த்தது.

சர்க்காரின் கணக்கைச் சற்றுக் கவனிப்போம். 2022 செப்டம்பரில் ஆரம்பித்த பசுமைத் தமிழ்நாடு இயக்கம், நம் ராஜ்யத்தின் பசுமைப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்த வேண்டும் என்கிறது. ராஜ்யத்தின் பரப்போ 1,30,060 சதுர கிலோமீட்டர். ஆகவே புதிதாக வேண்டியது சுமார் 12,000 சதுர கிலோமீட்டர். இவ்வளவு நிலம் வனத்துறையிடம் சும்மா கிடக்கவில்லை. குடியானவனின் வரப்பிலும், ஏரிக்கரையிலும், புறம்போக்கிலும், நம் வீட்டுக் கொல்லையிலுமே அது கிடைத்தாக வேண்டும்.

குடியானவன் சவுக்கை விரும்புவதில் வியப்பில்லை. நான்கைந்து வருஷத்தில் கையில் பணம். அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலத்தில் சேர்ப்பது வேறு லாபம். ஆனால் மரம் உட்கொண்ட கரியமிலவாயு, கழி விறகாக எரிந்ததும் ஆகாயத்திற்கே திரும்பிவிடுகிறது. சீதோஷ்ணத்தைக் காக்க வேம்பு, புளி, இலுப்பை, தேக்கு போல நெடுங்காலம் நிற்பவை வேண்டும். அவை பலன் தரும்வரை அவன் எதை உண்பான்? கன்றை இனாமாகக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்வதால் இக்கேள்வி தீராது. நிற்கும் மரத்தின் பேரில் குறைந்த வட்டிக்குக் கடன் வேண்டும். சொந்தப் பட்டாவில் சந்தனம் வளர்த்தவனும் அதை வெட்ட வனத்துறையின் வாசலில் நிற்கவேண்டிய நிலைமை இலகுவாக வேண்டும்.

அந்நியர் பணத்தை நம்பிப் பயனில்லை. அமெரிக்க சர்க்காரின் உதவி ஸ்தாபனம், தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு ராஜ்யங்களில் இவ்வேலைக்கென 2.5 கோடி டாலர் வரையிலான திட்டமொன்றை 2022-ல் நம் மத்திய சர்க்காருடன் தொடங்கிற்று. 2025 ஜூலையில் அந்த ஸ்தாபனமே மூடப்பட்டுவிட்டது! நம் வரப்பில் மரம் நிற்பதும் நில்லாததும் வாஷிங்டன் கஜானாவைப் பொறுத்தது என்றால், அதைவிட வெட்கம் வேறென்ன?

மாம்பலவாசிகளுக்கும் ஒரு வேலை உண்டு. மரத்தை விட்டு வீடு கட்டுவோருக்கு வீட்டு வரியில் சலுகை தரும்படி, தங்கள் கவுன்ஸிலரைக் கொண்டு கார்ப்பரேஷனில் கேட்கச் செய்யட்டும். அடுத்த கூட்டத்திலேயே கேட்கச் செய்யட்டும்.