காவலே பகையாகும் நோய்

உடலுக்குள் புகும் கிருமிகளை அழிக்கவென இறைவன் அமைத்த காவலே நோயெதிர்ப்புச் சக்தி. அக்காவல் நிலைதவறித் தன் நரம்புகளையே பகையெனக் கருதித் தாக்குவதும் உண்டு. கில்லன் பாரே நோய் இவ்வகையினதாகும். ஆண்டொன்றுக்கு ஒரு இலட்சம் பேரில் ஓரிருவரையே இது பீடிக்கின்றது. எனினும், அறியாமை இதனை உயிர்க்கொல்லியாக்கி விடுகின்றது.

1916 இல் பிரெஞ்சு வைத்தியர்கள் விவரித்த இந்நோய், பெரும்பாலும் வயிற்றோட்டமோ காய்ச்சலோ கண்டு சில வாரங்களுக்குள் தலைகாட்டுகின்றது. சரிவர வேகாத கோழி இறைச்சியாலும் அசுத்த நீராலும் தொற்றும் கம்பிலோபெக்டர் என்னும் பக்டீரியா இதன் முக்கிய தூண்டுகோலாகும். அதன் மேற்பரப்பிலுள்ள சில மூலக்கூறுகள் நரம்பிலுள்ளவற்றை ஒத்திருப்பதால், கிருமிக்கு எதிராக உருவாகும் பிறபொருளெதிரிகள் நரம்பையும் தாக்குகின்றன. கால்களில் தொடங்கும் விறைப்பும் பலவீனமும் மேல்நோக்கிப் பரவுகின்றன. சுவாசத் தசைகள் செயலிழந்தால் இயந்திரத்தின் துணையின்றி உயிர் தரிக்காது.

பிங்கா ஓயா பெருக்கெடுத்து அக்குறணை நகரம் அடிக்கடி வெள்ளத்தில் மூழ்குவதை நாமறிவோம். அந்நாட்களில் கொதித்தாறிய நீரைப் பருகுவதும், எந்நாளும் கோழி இறைச்சியை நன்கு வேகவைப்பதும் நம் கையிலுள்ள பாதுகாப்பாகும்.

திடீரென ஒருவரின் கால்கள் சோர்ந்தால் ஜின் என்றும் செய்வினை என்றும் கூறித் தாயத்துத் தேடி அலைவோர் இன்றும் உள்ளனர். துஆ கேட்பதை எவரும் தடுக்கவில்லை. ஆயினும், சிகிச்சைக்குரிய நாட்களை வீணாக்குவது தகாது. குருதித் திரவவிழையத்தை மாற்றுதல், இம்யூனோகுளோபுலின் ஏற்றுதல் ஆகிய இரண்டுமே பயன்தரும் சிகிச்சைகள். நோய் தொடங்கி இரு வாரங்களுக்குள் அளித்தால் பலன் அதிகம். வேறு சில நரம்பு நோய்களுக்கு உதவும் ஸ்டீரொயிட் மருந்து இதற்குப் பயன்படாது. உரிய சிகிச்சை பெற்றோரில் பெரும்பாலானோர் சில மாதங்களில் மீண்டும் நடக்கின்றனர். கண்டி தேசிய வைத்தியசாலை நமக்குத் தொலைவிலும் இல்லை.

ஆனால், நோயாளி உரிய வேளையில் சென்றால் மட்டும் போதுமா? 2023 இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் அரச வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்ட விவகாரம் நாட்டையே உலுக்கியது. அக்கொள்வனவின்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் 2024 பெப்ரவரியில் கைதானார். ஆயிரக்கணக்கானோர் தானம் செய்த குருதியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் அம்மருந்தையே, மூச்சுக்காகப் போராடும் நோயாளி நம்பியிருக்கிறார். அந்நம்பிக்கையில் மோசடி கலப்பதை எச்சமூகமும் மன்னிக்கலாகாது.

மருந்தின் தரத்தைக் காப்பது அரசின் கடமை. காலந்தாழ்த்தாது வைத்தியசாலையை நாடுவது நமது கடமை. இரண்டில் எது தவறினும் இழப்பு ஓர் உயிரே.