பழைய தையல் மிஷினுக்கு மறுவாழ்வு

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு தையல் மிஷின் உண்டு. ஆனால் அது தைப்பதில்லை. அதன்மேல் ஒரு விரிப்பு. விரிப்பின்மேல் ஒரு பூ ஜாடி. பக்கத்தில் இஸ்திரிக்குக் காத்திருக்கும் துணி மூட்டை. கேட்டால், "அது மாமியார் காலத்து மிஷின். ஓடாது. தூக்கிப் போட மனசு வரவில்லை" என்று பதில் வரும். வீடு மாற்றும் நாளில் அந்த மனசும் வந்துவிடுகிறது. பழைய சாமான்காரர் இரும்பு விலைக்கு எடைபோட்டு எடுத்துப் போகிறார்.

முப்பது வருடங்களுக்கும் மேலாகக் கொல்கத்தாவில் வீட்டில் தைத்து வருகிறேன். அக்கம்பக்கத்தாரின் பழைய மிஷின்களையும் திறந்து பார்த்துச் சரிசெய்து கொடுப்பது வழக்கம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: "ஓடாது" என்று சொல்லப்படும் மிஷின்களில் பெரும்பாலானவை கெட்டுப்போனவை அல்ல. எண்ணெய் காய்ந்து இறுகிப்போனவை. அவ்வளவுதான்.

நம் ஊரும் தையல் மிஷினும்

ஊசியின் முனையிலேயே காது வைத்து, மேல் நூலையும் கீழ் நூலையும் துணிக்குள் பின்னிக்கொள்ளச் செய்யும் மிஷினுக்கு அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை பெற்றார். ஐசக் மெரிட் சிங்கர் 1851இல் தம்முடைய மிஷினுக்குப் பெற்றார். இயந்திரங்களின்மேல் அவ்வளவாகப் பிரியம் இல்லாத காந்தியடிகள்கூட, 1924இல் இதைப்பற்றிப் பேச்சு வந்தபோது, சிங்கர் தையல் மிஷினை விதிவிலக்காகச் சொன்னார். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைப் பார்த்து, அந்த அன்பினால் செய்யப்பட்ட இயந்திரம் என்பது அவர் சொன்ன காரணம்.

இந்தியாவின் 'உஷா' மிஷின் பிறந்தது நாம் வாழும் இந்த நகரத்தில்தான். 1930களில் இங்கே ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. தொடங்கிய பிஷன் தாஸ் பாசில் தம் மகளின் பெயரையே மிஷினுக்கு வைத்தார். பின்னர் லாலா ஸ்ரீராம் அந்தத் தொழிலை ஏற்று வளர்த்தார். பிரின்ஸ் அன்வர் ஷா ரோட்டில் இருந்த அந்த ஆலை இன்று இல்லை. அந்த நிலத்தில்தான் சவுத் சிட்டி அடுக்குமாடிகளும், 2008இல் திறந்த வணிக வளாகமும் நிற்கின்றன. லேக் மார்க்கெட் பக்கத்திலிருந்து நம்மவர்கள் அங்கே ரெடிமேட் துணி வாங்கப் போகிறோம். அந்த இடத்தில் ஒரு காலத்தில் தையல் மிஷின் வார்த்தார்கள் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியாது!

மேற்கே மட்டியாபுருஜ் வட்டாரத்தில் இன்னும் வீட்டுக்கு வீடு மிஷின் சத்தம் கேட்கும். அவத் நவாப் வாஜித் அலி ஷா 1856இல் ராஜ்யம் இழந்து கொல்கத்தாவுக்கு வந்து தங்கிய இடம் அது. இன்று அது பெரிய ஆயத்த ஆடைச் சந்தை.

ஏன் வீட்டில் தைக்க வேண்டும்?

கடையில் மலிவாகக் கிடைக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று இளைய மருமகள்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சட்டையும் பேண்டும் நானும் கடையில்தான் வாங்குகிறேன். ஆனால் ரவிக்கை, உள்பாவாடை, பெண் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை இவை மூன்றும் நம் அளவுக்கு, நம் பழக்கத்துக்குக் கடையில் கிடைப்பது அரிது. தையற்காரரிடம் கொடுக்கலாம் என்றால், துர்கா பூஜைக்கு முன்னால் அவர் புது வேலை எடுப்பதை நிறுத்திவிடுவார். பூஜை முடிந்ததும் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவார். நம் தீபாவளியோ அதற்குப் பிறகு மூன்று வாரத்தில் வந்து நிற்கும்.

இன்னொரு காரணம், இதைவிட முக்கியமானது. எங்கள் தெருவில் ஒரு தமிழ்க் குடும்பம். கணவர் வேலை பார்த்த ஆலை மூடப்பட்டது. அந்த அம்மாளிடம் இருந்தது ஒரு பழைய கால்மிஷின்தான். சேலைக்கு ஃபால்ஸ் அடித்து, உள்பாவாடை தைத்து, பள்ளி யூனிஃபார்ம் பிரித்துவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் படிக்கவைத்துவிட்டார். வங்காளி மொழி சரளமாக வராத காலத்தில், வீட்டை விட்டு வெளியே போகாமல் அவருக்குச் சோறு போட்டது அந்த மிஷின். இரும்பு விலைக்குப் போட்டிருந்தால்?

பழையது வாங்கும்போது

வீட்டில் மிஷின் இல்லாதவர்கள் பழையது வாங்கலாம். கறுப்பு வார்ப்பிரும்பு மிஷினாக இருந்தால் நல்லது. அதில் எல்லாம் இரும்பு. உதிரி பாகங்கள் எளிதில் கிடைக்கும். பிளாஸ்டிக் பல்சக்கரம் வைத்த பழைய ஜிக்ஜாக் மிஷின்களில் அந்தச் சக்கரம் காலப்போக்கில் வெடித்துவிடும். மாற்றுச் சக்கரம் கிடைக்குமா என்று தெரிந்துகொள்ளாமல் வாங்காதீர்கள்.

கடைக்குப் போகும்போது ஒரு சாண் காடா துணியும், இரண்டு நிறத்தில் நூலும் எடுத்துப் போங்கள். பார்க்க வேண்டியவை:

1. கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். முழுச் சுற்றும் ஒரே மாதிரி போகவேண்டும். கனமாக இருந்தால் பரவாயில்லை, எண்ணெய் விட்டால் போகும். ஒரே இடத்தில் 'டக்'கென்று தட்டினால் யோசியுங்கள்.

2. ஊசிக் கம்பியைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். நன்றாக ஆடினால் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

3. உடம்பில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். வார்ப்பிரும்பு விரிந்தால் அந்த மிஷின் வேண்டாம்.

4. அடியில் ஷட்டில் ஓடும் பள்ளத்தை விரலால் தடவுங்கள். வழவழப்பாக இருக்க வேண்டும். துரு அரித்துக் குழி விழுந்திருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

5. மேலே ஒரு நிறம், பாபினில் ஒரு நிறம் போட்டுத் தைத்துப் பாருங்கள். எந்த நூல் தப்பு செய்கிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

பெயின்ட் போயிருப்பது, பெல்ட் அறுந்திருப்பது, மேஜைப் பலகை பிளந்திருப்பது எல்லாம் சில்லறை விஷயங்கள். இவற்றைச் சொல்லி விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்!

இறுகிய மிஷினை எழுப்புவது

முதலில் ஊசி, பாபின், பாபின் கேஸ் மூன்றையும் எடுத்துவிடுங்கள். மோட்டார் வைத்த மிஷினானால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பழைய மோட்டாரின் வயர் வெடித்திருந்தால் எலெக்ட்ரீஷியன் மாற்றிக் கொடுக்கும்வரை அதைத் தொடாதீர்கள்.

பிறகு ஷட்டிலைக் கழற்றுங்கள். கழற்றுமுன் மொபைலில் ஒரு படம் எடுத்துவைத்தால் திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது. சிக்கிய நூல் துண்டும் பஞ்சும் அங்கேதான் குடியிருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் துடையுங்கள். ஊசித் தட்டைக் கழற்றி, துணியைத் தள்ளும் பல்லின் இடுக்கில் கெட்டித்துப்போன பஞ்சையும் ஊசியால் கிளறி எடுங்கள்.

அடுத்து, அசையும் ஒவ்வொரு மூட்டிலும் எண்ணெய்த் துளையிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு அப்படியே விடுங்கள். பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது. மறுநாள் சக்கரத்தை இப்படியும் அப்படியும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டுங்கள். பலம் காட்ட வேண்டாம். பொறுமைதான் இங்கே ஸ்பேனர். சுற்ற ஆரம்பித்ததும் கரைந்து வரும் பழுப்பு அழுக்கைத் துடைத்துவிட்டு, எல்லா இடத்திலும் தையல் மிஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும். ஆனால் வழுக்கலைத் தராது. அதோடு நிறுத்தினால் இரும்பு தேயும்.

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு: கைக்கு எட்டிய தேங்காய் எண்ணெயை விடுவது. தலைக்கு நல்லதுதான், மிஷினுக்கு ஆகாது. சமையல் எண்ணெய் எதுவானாலும் நாளடைவில் பிசினாக இறுகிவிடும். மிஷின்கள் இறுகிப்போவதற்கு இதுவே பெரிய காரணம்.

உடம்பில் உள்ள தங்க நிறப் பூவேலையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அழிந்துவிடும். எண்ணெய் தொட்ட மெல்லிய துணி போதும்.

சக்கரம் சுற்றுகிறது, ஊசி மட்டும் அசையவில்லை என்றால் பயப்பட வேண்டாம். சக்கரத்தின் நடுவில் இருக்கும் திருகு தளர்ந்திருக்கும். பாபினில் நூல் சுற்ற அதைத் தளர்த்திவிட்டு, திரும்ப இறுக்க மறந்திருப்பார்கள்.

தோல் பெல்ட் தொளதொளவென்று இருந்தால் அரை அங்குலம் வெட்டி, துளை போட்டு, கம்பிக் கொக்கியை மாட்டினால் சரி.

தையலே சேதி சொல்லும்

மிஷினுக்கு என்ன குறை என்று தையலைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

துணியின் அடிப்பக்கம் நூல் சுருள் சுருளாக வந்தால், எல்லோரும் பாபினைக் குறை சொல்வார்கள். உண்மையில் அது பெரும்பாலும் மேல் நூலின் குறை. டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் நூல் சரியாக உட்காரவில்லை, அல்லது திருகு தளர்ந்திருக்கிறது. பாதத்தைத் தூக்கிவைத்து நூல் கோத்துப் பாருங்கள். அப்போதுதான் தட்டுகள் விலகி நூல் உள்ளே போகும். மாறாக, அடிநூல் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் நூல் இறுக்கம் அதிகம்.

பாபின் கேஸை நூலில் தொங்கவிடுங்கள். தானாகச் சரிந்து விழக்கூடாது. லேசாக உதறினால் கொஞ்சம் இறங்க வேண்டும். அதுதான் சரியான இறுக்கம்.

தையல் விட்டுவிட்டு விழுந்தால் முதலில் ஊசியை மாற்றுங்கள். ஊசியை மேலே முட்டும்வரை ஏற்றி இறுக்க வேண்டும். ஊசியில் ஒரு பக்கம் நீளமான பள்ளம் இருக்கும். எந்தப் பக்கமிருந்து நூலைக் கோக்கிறோமோ, அந்தப் பக்கம் பள்ளம் பார்க்க வேண்டும். இதை மாற்றிப் போட்டுவிட்டு மிஷினே போச்சு என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறவர்கள் அநேகம்.

மெல்லிய பட்டுக்கு 11ஆம் நம்பர் ஊசி, ரவிக்கைக்கு 14, சாதாரணக் கெட்டித் துணிக்கு 16, ஜீன்ஸுக்கு 18 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பட்டுப்பாவாடைக் கணக்கு

முதலில் தலையணை உறை, அடுத்து உள்பாவாடை, பிறகு பாவாடை, கடைசியில் ரவிக்கை. இந்த வரிசையில் கற்றுக்கொண்டால் கை தானே பழகும். பருத்தித் துணியையும் லைனிங்கையும் வெட்டுமுன் நனைத்து உலர்த்த மறக்காதீர்கள். ரவிக்கையில் இரு பக்கமும் ஒரு அங்குலம் உள்ளே விட்டால் பிற்பாடு பிரித்துவிட உதவும்.

பாட்டியின் பழைய பட்டுச் சேலையில் ஐந்து வயதுப் பேத்திக்குப் பாவாடை தைப்பதாக வைத்துக்கொள்வோம். இடுப்பு 22 அங்குலம், உயரம் 24 அங்குலம். முழு மடிப்புக்கு இடுப்பைப்போல மூன்று மடங்கு, அதாவது 66 அங்குலம் சுற்றளவு வேண்டும். மூட்டுத் தையலுக்கு ஒன்று கூட்டினால் 67. சேலையில் நீளவாக்கில் இரண்டு மீட்டருக்குள் அடங்கிவிடும். இழை நைந்த இடத்தைத் தவிர்த்து, கரை கீழே வருமாறு அளந்துகொள்ளுங்கள். உயரத்துக்கு 24, இடுப்புப்பட்டிக்குள் போவதற்கு அரை. அத்துடன் இரண்டு டக் பிடிக்க வேண்டும். ஒரு அங்குல டக் இரண்டு அங்குலத் துணியை விழுங்கும். ஆக நான்கு. கரையே அடியில் முடிவதால் மடித்து அடிக்க வேண்டியதில்லை. மொத்தம் இருபத்தெட்டரை அங்குலம். சேலையின் மீதி அகலத்தில் சட்டைக்கும் துணி கிடைத்துவிடும்.

டக்குகளை மட்டும் மிஷினில் அடிக்காமல் மெல்லிய ஊசியால் கையோட்டம் போடுங்கள். பட்டில் மிஷின் ஊசி போட்ட துளை மறையாது. குழந்தை வளர வளர, வருடத்துக்கு ஒரு டக்கைப் பிரித்தால் போதும். ஒரே பாவாடை மூன்று தீபாவளி காணும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

மழைக்காலத்தில் நம் ஊர் ஈரக்காற்று இரும்பைத் தின்றுவிடும். மிஷினைப் பிளாஸ்டிக் உறை போட்டு மூடாமல் பருத்தித் துணியால் மூடுங்கள். தைக்காவிட்டாலும் மாதம் ஒருமுறை எண்ணெய் விட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள்.

பணி ஓய்வு பெற்றுச் சென்னைக்கோ திருச்சிக்கோ திரும்பும் குடும்பங்கள் லாரியில் ஏற்ற இடமில்லாமல் முதலில் கழிப்பது மிஷினைத்தான். தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால், புதிதாக இந்த ஊருக்கு வந்து, கையில் தொழில் தெரிந்தும் மிஷின் வாங்க வசதியில்லாத ஒரு சகோதரிக்கு அது போய்ச் சேரும். எண்ணெயும் ஊசியும் பெல்ட்டும் போட்டு ஓடவைத்துக் கொடுக்க நான் இருக்கிறேன். கூட இரண்டு பேர் கற்றுக்கொள்ள வந்தால் இன்னும் நல்லது.