வீட்டிலேயே கிளட்ச் மாற்றுவது எப்படி?

மைசூரிலிருந்து சாமராஜநகர் வழியாகச் சத்தியமங்கலம் போய் வரும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்குத் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகள் பழகிப் போனவை. அரிசி மூட்டையும் தேங்காயுமாகத் திரும்பி ஏறும்போதுதான் காரின் கிளட்ச் தன் உண்மை நிலையைக் காட்டும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் உறுமும், வண்டி நகராது. பின்னால் லாரி, வண்டிக்குள் பெரியவர்களும் குழந்தைகளும். அப்படி மாட்டிக்கொள்வதற்கு முன் வீட்டு வாசலிலேயே கவனித்துவிடுவது நல்லது.

எஞ்சினோடு சுற்றும் பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் அழுந்தி நிற்கிறது. அந்த உராய்வின் வழியாகத்தான் எஞ்சினின் சக்தி கியர் பாக்ஸுக்குப் போகிறது. பெடலை மிதித்தால் பிடி விடும். நான் ரயில்வேயில் பழகிய டபிள்யூ.டி.எம்.2, ஒய்.டி.எம்.4 டீசல் எஞ்சின்களில் கிளட்சே கிடையாது. அங்கே டீசல் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுற்றும். அந்த மின்சாரம் மோட்டார்களை ஓட்டும். ஆயிரம் டன் வண்டியை உராய்வுத் தகட்டால் கிளப்பப் பார்த்தால் தகடு கருகிவிடும். அரை கிளட்சிலேயே மலையேறுகிறவர் தம் காருக்குச் செய்வதும் ஏறத்தாழ அதுதான்.

முதலில் சோதனை

மாருதி 800 போன்ற கேபிள் கிளட்ச் வண்டிகளில் பெடல் முதலில் சிறிது தூரம் கனமில்லாமல் இறங்க வேண்டும். பிளேட் தேயத் தேய இந்த இடைவெளி குறையும். அது அடியோடு போய்விட்டால், காலை எடுத்த பிறகும் கேபிள் இழுத்தபடியே இருக்கும். நல்ல பிளேட்கூட வழுக்கும். கையேட்டில் உள்ள அளவுக்குக் கேபிளைச் சரிசெய்து பாருங்கள். பல சமயம் அதோடு வேலை முடிந்துவிடும்.

பிறகு சமதரையில், முன்னால் ஆள் இல்லாதபோது, கைபிரேக்கை இழுத்து மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் அணைந்தால் பிடி இருக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் மாற்றும் காலம் வந்துவிட்டது. இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யக் கூடாது.

முன்சக்கர வண்டியின் சங்கடம்

அம்பாசிடரில் கியர் பாக்ஸிலிருந்து நீண்ட ஷாஃப்ட் பின்சக்கரத்துக்குப் போகும். 1983 டிசம்பரில் வந்து 2014 வரை தயாரான மாருதி 800-இல் அது இல்லை. எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே தொகுதியாகக் குறுக்கே அமர்ந்திருக்கின்றன. அங்கிருந்தே இரண்டு டிரைவ் ஷாஃப்டுகள் முன்சக்கரங்களுக்குப் போகின்றன. ஆகவே கியர் பாக்ஸைக் கழற்றும்போது எஞ்சினின் ஒரு பக்கத் தாங்கலும் போய்விடும். இதை முன்கூட்டியே நினைவில் வைக்காதவர் இந்த வேலையைத் தொடக் கூடாது.

ரயில்வே பணிமனையில் பெட்டியை ஜாக்கியால் தூக்கியதும் டிரெஸ்டில் என்னும் தாங்கிகளில் இறக்கி வைப்போம். அதன் பிறகே ஆட்கள் அடியில் போவார்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. வீட்டிலும் இதே விதிதான். கெட்டியான சிமென்ட் தரை, இரண்டு இரும்பு ஸ்டாண்டுகள், பின்சக்கரங்களுக்கு மரக்கட்டை, கூட ஒரு ஆள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டவே வேண்டாம். அவை சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். எஞ்சினுக்கும் தனியாகத் தாங்கல் கொடுங்கள்.

வேலையின் வரிசை

பேட்டரி இணைப்பை எடுத்து, கியர் ஆயிலை வடித்து, கேபிள்கள், கியர் ராடு, ஸ்டார்ட்டர், டிரைவ் ஷாஃப்டுகள் ஆகியவற்றை விடுவிக்க வேண்டும். பிறகு கியர் பாக்ஸை ஜாக்கியில் ஏந்தி, பக்கவாட்டில் நேராக இழுத்து இறக்குங்கள். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

உள்ளே இருக்கும் கரித்தூளை வாயாலோ கம்பிரஸராலோ ஊதாதீர்கள். பழைய பிளேட்டுகளில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கண்ணால் பார்த்துத் தெரியாது. முகமூடி அணிந்து, ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டிவிடுங்கள்.

பிளைவீலில் வெடிப்போ நீலக் கறையோ இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சீல் ஒழுகுகிறது. அதை விட்டுவிட்டுப் புது பிளேட் போடுவது வீண் செலவு. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றுக்காக மறுபடியும் இத்தனையும் கழற்ற யாருக்குத் தெம்பு?

புது பிளேட்டின் எந்தப் பக்கம் பிளைவீலைப் பார்க்க வேண்டும் என்று கவனித்து, அலைன்மென்ட் கருவியால் நடுவில் நிறுத்தி முடுக்குங்கள். திரும்ப ஏற்றும்போது கியர் பாக்ஸின் எடை அதன் ஷாஃப்டில் தொங்கினால் புது பிளேட் வளைந்துவிடும். கடைசியில் ஆயில் ஊற்றி, பெடல் இடைவெளியைச் சரிபார்த்து, சமதளத்தில் ஓட்டிப் பார்த்த பிறகே சாமுண்டி மலைக்குக் கிளம்புங்கள்.

சரியான ஸ்டாண்டும் துணைக்கு ஆளும் இல்லாதவர்கள் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே புத்திசாலித்தனம். அப்போதும் இந்த விவரங்கள் உதவும். எதைக் கேட்க வேண்டும், எதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்கும். ஓட்டும்போது கிளட்ச் மேல் காலை வைத்திருக்கும் பழக்கத்தையும், மேட்டில் கைபிரேக்குக்குப் பதில் கிளட்சால் வண்டியை நிறுத்தும் பழக்கத்தையும் விட்டால், இந்த வேலை பல ஆண்டுகள் தள்ளிப்போகும்.