முட்டையிட்டு மறக்கும் கெளுத்தி

ஆப்பிரிக்கக் கெளுத்தி என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மவர் முகம் சுளிப்பதில் வியப்பில்லை. குளங்களுள் புகுந்து நாட்டு மீன்களைத் தின்று தீர்க்கும் பெருங்கெளுத்தியையே நாம் அப்பெயரால் அறிந்துள்ளோம். அதனை வளர்க்க நடுவணரசு தடை விதித்தது. நாம் ஈண்டு கூறப்புகுவது அதனைப் பற்றியன்று. அதே கண்டத்தில் தோன்றி, வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் அடங்கி வாழும் சினோடாண்டிஸ் என்னும் இனத்துச் சிறு கெளுத்திகளைப் பற்றியதாகும்.

இவ்வினத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றுள் சில வயிறு மேலாகவும் முதுகு கீழாகவும் நீந்தும் இயல்பின. பண்டை எகிப்தியர் தம் கல்லறைச் சுவர்களில் அவற்றைத் தலைகீழாகவே செதுக்கி வைத்தனர் என்பது அவர்தம் கூர்த்த நோக்கிற்குச் சான்றாகும். மார்புத் துடுப்பின் முள்ளை அதன் குழியில் உரசிக் கீச்சென ஒலியெழுப்புவதும் இவற்றின் வழக்கம். நம் ஊர்க் கெளுத்தியின் முள் குத்திக் கடுப்பெடுத்தவர்களுக்கு இம்முள்ளைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. வலையிட்டுப் பிடித்தால் முள் வலையிற் சிக்கி மீனும் துன்புறும். ஆதலின் குவளையால் நீரோடு முகந்தெடுப்பதே நன்று.

தொட்டியில் இனப்பெருக்கம் செய்வதற்கு ஏற்றவை டாங்கனிக்கா ஏரியின் கெளுத்திகளே. தன்சானியா, காங்கோ, புருண்டி, சாம்பியா ஆகிய நான்கு நாடுகளுக்கு நடுவே, ஏறத்தாழ 1,470 மீட்டர் ஆழத்துடன் கிடக்கும் அவ்வேரியின் நீர் கடினமானது, காரத்தன்மை மிக்கது, பி.எச். அளவு ஒன்பதை ஒட்டி நிற்பது. சோப்பு நுரைக்காத ஆழ்குழாய்க் கிணற்று நீரை நொந்துகொள்ளும் நம் இல்லங்களுக்கு இது நற்செய்தியெனலாம். கடினம் வேறு, உவர்ப்பு வேறு என்பதை மட்டும் மறத்தலாகாது. நீர் மென்மையாயின் வடிகட்டியில் சிப்பி ஓடுகளை இட்டால் போதும். வெப்பம் 25 பாகை செல்சியசு அளவில் இருத்தல் வேண்டும்.

அவ்வேரியின் மல்டிபங்டேட்டஸ் என்னும் கெளுத்தியைக் குயிற்கெளுத்தி என்பர். அங்கு வாழும் சிக்லிட் மீன்களுட் பல, தம் முட்டைகளை வாயிலே அடைகாப்பவை. தாய் முட்டையிட்டு வாயில் அள்ளும் நொடியில் இக்கெளுத்திகள் பாய்ந்து நடுவே புகுந்து, அம்முட்டைகளுட் சிலவற்றை விழுங்கித் தம் முட்டைகளைச் சிந்திவிடுகின்றன. பதற்றத்தில் தாய் அனைத்தையும் வாரிக்கொள்கிறது. கெளுத்தியின் குஞ்சு முந்திப் பொரித்து, வளர்ப்புத் தாயின் வாய்க்குள்ளேயே அதன் சொந்தக் குஞ்சுகளைத் தின்று வளர்கிறது. காக்கைக் கூட்டிற் குயில் செய்வதினும் கொடிதன்றோ இது! ஜப்பானிய அறிஞர் தெட்சு சாட்டோ இதனை 1986இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். அவ்வேரியில் நெடுங்காலம் உடன் வாழ்ந்த சிக்லிட்கள் இவ்வஞ்சனையை ஓரளவு உணர்ந்து அயல் முட்டைகளை விலக்குவதையும், பிற ஏரிகளின் சிக்லிட்கள் எளிதில் ஏமாறுவதையும் செக் நாட்டு ஆய்வாளர் 2018இல் காட்டினர். இதனை வளர்ப்போர் மலாவி ஏரிச் சிக்லிட்களைச் செவிலியராக நாடுவதும் இதனாலேயே. ஓர் இனத்தின் குஞ்சுகளை இரையாக்கித்தான் மற்றோர் இனத்தைப் பெருக்க வேண்டுமாதலின், நமக்கு அம்முறையில் மனம் ஒப்பவில்லை.

நாம் தேர்ந்தது அதன் உறவான லூசிபின்னிஸ். ஒரு விரல் நீளமே வளரும் இம்மீன், பழுப்பு மேனியில் கரும்புள்ளிகளும் வெள்ளை விளிம்புள்ள துடுப்புகளும் உடையது. இஃது எவரையும் ஏமாற்றுவதில்லை. எனினும் முட்டையிட்டபின் அதனை அறவே மறந்துவிடும். மறந்தாலும் பரவாயில்லை, எதிர்ப்பட்டால் தின்றும் விடும்! முதன்முறை முட்டைகளைக் கண்டபோது, காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தோம். விடிந்து பார்த்தபோது ஒன்றேனும் எஞ்சவில்லை.

அதன் பின்னரே அனுபவமுடையோர் கையாளும் கோலிக்குண்டு முறையை மேற்கொண்டோம். அகன்ற தட்டு ஒன்றில் கோலிக்குண்டுகளைப் பரப்பி, அதன்மேல் விளிம்பில் சிறு வாயில் உடைத்த மண் பூந்தொட்டியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். இருளை விரும்பும் இம்மீன்கள் இணையாக உள்ளே நுழைந்து முட்டையிடும். முட்டைகள் குண்டுகளின் இடுக்குகளில் இறங்கிவிடுவதால் பெற்றோரின் வாய்க்கு எட்டுவதில்லை. நூறு லிட்டருக்குக் குறையாத தொட்டியில் ஐந்தாறு மீன்களை ஒருங்கே வளர்த்தால் இணைகள் தாமே அமையும். வயிறு பருத்தது பெண் என்று கொள்ளலாம்.

முட்டைகளை அதே நீருடன் சிறு தொட்டிக்கு மாற்றிக் காற்றுக்குமிழி மெல்ல எழுமாறு வைக்க வேண்டும். வெண்மையாகிப் பூஞ்சை படர்ந்தவற்றை உடனே அகற்றுதல் வேண்டும். இரண்டு மூன்று நாள்களில் குஞ்சுகள் பொரிக்கும். மஞ்சட்கரு தீர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதற்குமுன் உணவிடுவது நீரைக் கெடுப்பதன்றி வேறில்லை. பின்னர், பொரித்த ஆர்ட்டீமியாக் குஞ்சுகளைச் சிறிது சிறிதாக அளித்து, நாள்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றிவர வேண்டும். நாம் இழந்தவற்றுட் பல பசியால் மாண்டவையல்ல, மிகுந்த தீனியால் மாண்டவையே.

இன்னொன்றும் கூறல் வேண்டும். இம்மீன் 2006ஆம் ஆண்டில்தான் தனி வகையாகப் பெயர் பெற்றது. அதற்குமுன் பெட்ரிகோலா என்னும் மற்றொரு வகையின் குள்ள வடிவமெனவே விற்கப்பட்டது. இன்றும் சிலர் அவ்வாறே விற்பர். இவ்விரண்டையும் ஒரே தொட்டியில் இட்டால் கலப்புக் குஞ்சுகள் தோன்றக்கூடும்; தோன்றியபின் அவற்றைப் பிரித்தறிவது அரிது. ஆதலால் நம் தொட்டியில் ஒரு வகையை மட்டுமே வைத்துள்ளோம். பிறருக்குக் குஞ்சு கொடுக்கும்போது அதன் பெயரையும், தாய்மீன் வாங்கிய நாளையும் ஒரு துண்டுத் தாளில் எழுதியே கொடுக்கின்றோம். வளர்க்க இயலாமற் போனால் குளத்தில் விடாமல் நம்மிடமே திருப்பித் தருமாறும் கேட்டுக்கொள்கின்றோம். இதுவரை இருவர் அவ்வாறு திருப்பித் தந்துள்ளனர்.